முந்தானைக்கு எடுத்த மீசை

போன வாரம் என் மருமகள் விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போய்விட்டு வந்தாள். வாங்கியது ஒரே ஒரு சுடிதார். அதைப் போட்டுக் கொடுத்த பையில் அரை மூட்டை அரிசி கொட்டலாம். பையின் மேல் ஒரு படம். நல்ல தாடி, நல்ல மீசை வைத்த ஒரு பையன், பச்சைக் கரை போட்ட மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு நேராக நம் கண்ணைப் பார்த்து நிற்கிறான். காலில் ஷூ வேறு.

"பாத்தீங்களா அத்தே, எவ்ளோ தைரியமா நிக்கிறாரு. இதெல்லாம் இப்பதான் வந்துக்கினு இருக்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. எழுபதைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது, வைத்தியம் கிடையாது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். இப்பதான் வந்ததாம்.

பையை மூக்கருகே கொண்டுபோனேன். பிளாஸ்டிக் நாற்றம்தான். அந்த நாளில் ஜவுளிக்கடைப் பொட்டலம் என்றால் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே கஞ்சி வாசனை வந்துவிடும். நான் வளர்ந்ததே அந்த வாசனையில்தான். எங்கள் நைனா வேணு (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்) திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடே புதுப்புடவையாக மணக்கும். வீட்டில் புதுப்புடவை கிடையாது, அது வேறு சங்கதி.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. கடையில் விற்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். வாங்க வருகிற பெண்களோ புடவையைத் தங்கள் மேல் வைத்துப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். புருஷன், மாமனார், கொழுந்தன் என்று ஒரு படையே பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எப்படி வைத்துப் பார்ப்பது? அதனால் விற்கிற ஆளே தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் துண்டு போடுகிற மாதிரி போட்டுவிட்டு, நல்லா இருக்குதா என்பார்கள். நைனா அப்படி இல்லை. கொசுவம் அவர் விரலுக்குள் தானாக வந்து அடங்கும். முந்தானை இடது தோளில் விழுந்த பிறகு, வலது கையால் அதை ஒரு தடவை நீவி விடுவார். அந்த நீவலுக்கே பாதி வியாபாரம் முடிந்துவிடும் என்று முதலாளி சொல்வார்.

விளம்பரம் என்றால் அப்போது என்ன இருந்தது? தீபாவளிக்கு மஞ்சள் காகிதத்தில் ஒரு நோட்டீஸ். மேலே லட்சுமி படம், கீழே என்னென்ன சரக்கு வந்திருக்கிறது என்ற விவரம். பெண் என்று அதில் இருந்தது லட்சுமி மட்டும்தான். ஆண்பிள்ளை கிடையவே கிடையாது. வேட்டிக்கு எதற்கு விளம்பரம்?

ஒரு தீபாவளிக்கு முன்னால் முதலாளிக்கு யோசனை வந்தது. மைக்செட் கட்டி மாட்டு வண்டி ஒன்றைச் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் விட வேண்டும். வெறும் கூவல் போதாது, புடவை கட்டி யாராவது வண்டியில் உட்கார்ந்து வர வேண்டும். நைனா வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எந்த வூட்டுப் பொம்பளைங்க வண்டில ஏறுவாங்கன்னு கேட்டேன். அதான் நீ கீறியேன்னாரு மொதலாளி. தோள்ல போட்டுக் காட்டுறதை முழுசா கட்டிக்க, அவ்ளோதான்யா வேணு, அப்டின்னாரு."

அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் மண்டியில் கூலிக்கு உரித்தது போதாதென்று வீட்டுக்கும் ஒரு கூடை எடுத்து வருவாள். கையை நிறுத்தாமலே கேட்டாள், "மீசைய வெச்சிக்கினா?"

நைனா மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மீசை என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது அதை முழுசாக எடுக்க மாட்டார்கள். அப்பா செத்தால் கொள்ளி வைக்கிற மூத்த பிள்ளை எடுப்பான். தெருவில் ஒருத்தர் மீசை இல்லாமல் வந்தால், யார் போனது என்று கேட்க வேண்டியதே இல்லை, முகத்திலேயே எழுதியிருக்கும். எங்கள் தாத்தா முகையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் உழுதுகொண்டு திடமாக இருந்தார். நைனா அவருக்கு மூத்த பிள்ளை.

"மாமா கல்லாட்டம் ஒக்காந்துக்கினு இருக்காரு. அவரு இருக்கறப்ப எடுப்பியா நீ?" என்றாள் அம்மா.

"தீவாளிக்கு எடுத்தா பொங்கலுக்குள்ள வளந்துடும். ஊருக்குப் பொங்கலுக்குத்தானே போறோம். யாருக்குத் தெரியப் போவுது."

முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று மிரட்டினாரா என்றால், இல்லை. நைனாவுக்கு ஆசை. அவ்வளவுதான். தோளில் மட்டும் போட்டுப் பார்த்த மனுஷனுக்கு ஒரு தடவை முழுசாகக் கட்டிப் பார்க்க ஆசை. இதை வாய் விட்டுச் சொல்ல எனக்கே இத்தனை வயதாக வேண்டியிருந்தது. அவர் எங்கே சொல்லியிருப்பார், பாவம்.

மீசை போன முகத்தை நான் பார்த்தது, வண்டி முதல் தடவை கிளம்பிய அன்று காலையில். யாரோ மாமா வந்திருக்கிறார் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சிரித்த பிறகுதான் நைனா என்று தெரிந்தது.

யாருக்குத் தெரியப் போகிறது என்றார் அல்லவா, அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தாத்தாவின் தம்பி பிள்ளை ஏழுமலை சித்தப்பா, மல்லாட்டைக்கு இங்கே நல்ல விலை என்று மூட்டை கொண்டுவந்தவர், தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நைனாவைப் பார்த்திருக்கிறார். கடை வாசலில் மீசை இல்லாமல் நிற்கிறார் அண்ணன். ஐயோ, பெரியப்பா போய்விட்டார், பங்காளிக்கு ஒரு சேதி சொல்லவில்லை பார் என்று மனசு விட்டுப் போய், பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஊரில் இறங்கித் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு போயிருக்கிறார். வாசலில் கயிற்றுக் கட்டிலில் தாத்தா உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"யார்ரா செத்தது?" என்று கேட்டாராம் தாத்தா.

"நீங்கதான் பெரியப்பா" என்றாராம் சித்தப்பா.

இதைச் சொல்லி எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. விவரம் கேட்டார். கேட்டுவிட்டு அந்த மாலையை வாங்கி மாட்டுக்கொட்டகைத் தூணில் மாட்டினார். "என் சாவுக்கு எடுக்க வேண்டியதைப் பொடவைக்கு எடுத்துட்டான். அப்ப நான் செத்தாச்சி. செத்தவன் வூட்டுல அவனுக்கு இன்னா வேலை" என்றார்.

பொங்கலுக்குப் போனோம். நைனாவுக்குப் பாதி மீசை முளைத்திருந்தது. தாத்தா எனக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தார், அம்மாவிடம் மழை எப்படி என்று கேட்டார். நைனா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கொட்டகைத் தூணில் மாலை காய்ந்து நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நாங்கள் போகவில்லை.

ஆனால் வண்டி போனது. தீபாவளி, ஆடி, திருவக்கரைக் கோயில் பௌர்ணமிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போனது. மயிலம், கிளியனூர் பக்கமெல்லாம் அந்த வண்டிக்காகக் குழந்தைகள் ஓடி வரும். நடுவில் ஒரு முக்காலி, அதில் நைனா. சவுரி வைத்துக் கொண்டை, கொண்டையில் மல்லி, பவுடர் பூசின முகம். முதலாளி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். "தலைய நிமித்தாதே வேணு. குடும்பப் பொம்பளை மாதிரி குனிஞ்சிக்கினு இரு." நைனாவும் மோவாய் கழுத்தைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குனிவில் முகம் முக்கால்வாசி மறைந்துவிடும். அதனால்தான் தெரியாத ஊர்களில் அவரைப் பெண் என்றே நினைத்தார்கள்.

"எந்தக் குடும்பத்துப் பொம்பளை இப்டி ஒக்காந்துக்கினு கீறா? அப்ப அடுப்ப யாரு பாக்கறது?" என்பாள் அம்மா. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக் கழுத்தை நேராக வைத்து நடந்தே பழகியவள். குனிந்தால் குடம் விழுந்துவிடும்.

ஊர்ப் பெண்கள் கடைக்கு வந்து, "வண்டிப் பொடவை இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். பெயரே அப்படி ஆகிவிட்டது. எடுத்துப் போடுகிறவர் நைனாதான், வேட்டி சட்டையில். ஒரு அம்மா அவர் தோளில் போட்டுக் காட்டிய அதே புடவையைப் பார்த்துவிட்டு, "அந்த அக்கா மேல எடுப்பா இருந்திச்சி. உம் மேல சப்புனு கீது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். நைனா அதை வீட்டில் வந்து திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது குறைவு.

வண்டி திரும்பியதும் புடவையை மடித்துக் கடையில் கொடுத்துவிட வேண்டும், அதை விற்க வேண்டும் அல்லவா. கொண்டைப் பூவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா வாங்க மாட்டாள். நான்தான் வைத்துக்கொள்வேன். அதில் மல்லி வாசனையோடு பவுடரும் மாட்டுவண்டிப் புழுதியும் கலந்திருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்தக் கலவை மூக்கில் பட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம் அப்படி அழுதபோது, யாரோ எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் கடைக்கு ரயிலில் சுருள் சுருளாகப் படங்கள் வந்தன. மில்காரர்கள் அனுப்பியது, கலர் அச்சு. நைலான் புடவை கட்டி, கையில்லாத ரவிக்கை போட்ட ஒரு பெண் காரில் சாய்ந்து நிற்கிறாள். நிஜப் பெண். தலை குனியவில்லை. பார்க்கிறவர்களை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். இன்னொரு படத்தில் டெரிலின் சட்டை போட்ட ஆண்பிள்ளை, அரும்பு மீசை, பாறை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து இடுப்பில் கை. முதல் தடவையாக ஆண்பிள்ளை விளம்பரத்துக்குள் வந்தார். வந்ததுமே நடுவில் நின்றுகொண்டார், பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டாள்.

கடை வாசலில் அந்தப் படங்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வண்டி நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அடுத்த தீபாவளிக்கு யாரும் பேச்சே எடுக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா ஒரு நாள் மண்டியிலிருந்து வரும்போது காரில் சாய்ந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இவ நல்லா கீறா. குனியல பாரு" என்றாள். நைனா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

முதலாளி மோசமானவர் இல்லை. டெரிலின் சட்டைக்குச் சினிமா கொட்டகையில் ஸ்லைடு போட வேண்டும், நம் ஊர் ஆள் படமாக இருந்தால் நல்லது என்று நினைத்தவர், நைனாவையே கூப்பிட்டார். "மீசைய வளத்துக்கினு வா வேணு. இந்தத் தடவ ஆம்பளையாவே நில்லு."

எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் பண்டிகை. மீசை வளர்ந்தால் தாத்தாவைப் போய்ப் பார்க்கலாம். அம்மாவுக்கு ஸ்லைடாவது ஒன்றாவது, மாமனார் வாசலுக்குப் புருஷனை அழைத்துப் போக வேண்டும், அதுதான் கணக்கு. மீசையும் வளர்ந்தது. ஆனால் வருஷக்கணக்காக மழித்த இடம், மெல்லிசாக, நரையோடு வந்தது.

ஸ்டூடியோ விழுப்புரத்தில். படம் எடுத்ததும் அப்படியே முகையூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நானும் அம்மாவும் கூடப் போனோம். தாத்தாவுக்கு வெற்றிலை, வாழைப்பழம் எல்லாம் அம்மா கூடையில்.

டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு நைனா விளக்கு முன்னால் நின்றார். ஸ்டூடியோக்காரர் நெஞ்சை நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினார், தலை குனிந்தது. தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார், இடுப்பில் வைத்த கை நழுவி மேலே வந்தது. வலது கை இடது தோளுக்குப் போய், அங்கே இல்லாததை ஒரு தடவை நீவியது. இறக்கி வைத்தால் மறுபடி போனது.

"ஆம்பளையா நில்லுங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நின்னுக்கினுதானேங்க கீறேன்" என்றார் நைனா.

கூட வந்திருந்த முதலாளி சிரித்துவிட்டார். ஸ்டூடியோக்காரரும் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. ஒரு படம் எடுத்தார்கள், அதுவும் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். ஸ்லைடுக்கு வேறு யாரோ கல்லூரிப் பையன் நின்றான்.

வெளியே வந்ததும் அம்மா பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். நைனா நகரவில்லை. "இன்னிக்கு வேணாம். இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும்" என்றார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். திண்டிவனத்துக்கே திரும்பினோம். கூடையில் வாழைப்பழம் நசுங்கி, வெற்றிலையெல்லாம் பிசுபிசுத்துப் போனது.

மழைக்காலம் வந்தது. மீசை கொஞ்சம் அடர்ந்திருந்தது. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஊருக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அப்போது முதலாளி ஒரு பேச்சுக்குச் சொன்னார், "திருவக்கரைப் பக்கம் பொம்பளைங்க வண்டி வரலியான்னு கேக்குறாங்க வேணு. கடைசியா ஒரு தடவ வுடலாமா? கட்டாயம் இல்ல. உனுக்கு இஷ்டமிருந்தா."

கட்டாயம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கட்டாயம் என்றிருந்தால் முதலாளியைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நைனா கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். அம்மா பின்னால் நின்றாள். "மாமாவை ஒரு தபா பாத்துட்டு வந்து எடுத்துக்கயா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"பொங்கலுக்குள்ள வளந்துடும்" என்றார் நைனா.

வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் கிளம்பியது. நான் அப்போது பெரியவளாகிவிட்டேன், ஜன்னலில் நின்று பார்த்தேன். நைனா தலை குனியவில்லை. காரில் சாய்ந்த அந்தப் பெண்ணை அவரும் பார்த்திருந்தார் அல்லவா. நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரையும் நேராகப் பார்த்துச் சிரித்தார். சிரித்தது அழகாகத்தான் இருந்தது, நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நிமிர்ந்ததும் முகம் தெரிந்துவிட்டது. வயசான, கன்னம் ஒட்டின ஆம்பளை முகம். ஊரும் இதற்குள் நிஜப் பெண்களைப் படத்தில் பார்த்துப் பழகியிருந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் விசில் கிளம்பியது. "டேய், மீசைய எங்கடா வெச்சிட்டு வந்தே?" என்று எவனோ கத்தினான். திருவக்கரை வரைக்கும் அப்படித்தான் இருந்ததாம், வண்டிக்காரர் சொன்னார்.

அவர் திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் ஏழுமலை சித்தப்பா உட்கார்ந்திருந்தார். நைனாவைப் பார்த்ததும் எழுந்தார். நைனாவுக்குக் கண்ணில் மை, காதோரம் பவுடர், மேலே சட்டையும் வேட்டியும்.

"அண்ணே, இந்தத் தடவ நெசமாத்தான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததை அம்மாவிடம் வந்து சொன்னவர் சித்தப்பாதான். கொள்ளி வைக்கும் முன்னால் மீசை எடுக்க மூத்த பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள். சவரம் செய்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லியேங்க" என்றாராம்.

நைனாதான் சொல்லியிருக்கிறார், "சும்மா ஒரு தபா கத்திய வையுங்க. அவருக்குக் காட்டணும்." தண்ணீரைத் தொட்டு, வெறும் தோலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கத்தியை இழுத்தாராம் அவர். இதைச் சொல்லிவிட்டு சித்தப்பா துண்டில் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் நைனா மீசை வைக்கவே இல்லை. கடையில் வேலை மட்டும் இருந்தது. புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவதையும் விட்டுவிட்டார். பலகை மேல் விரித்துப் போட்டு, "பாத்துக்கோங்க" என்பார். கட்டிக் காட்டுங்களேன் என்று யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவார்.

இப்போது அந்தக் கடை இல்லை, இடித்துச் செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். வண்டிப் புடவை என்றால் திண்டிவனத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. புடவை கட்டின நைனாவை யாரும் படம் எடுக்கவில்லை. இருப்பது ஒரே ஒரு படம், விழுப்புரம் ஸ்டூடியோவில் வேண்டாம் என்று விட்டது. அம்மா அப்புறம் ஒரு நாள் போய் வாங்கி வந்து சட்டம் போட்டு வைத்தாள். டெரிலின் சட்டை, மெல்லிசான நரை மீசை, வலது கை இடது தோளில். பார்க்கிறவர்கள் எல்லாரும், பெரியவருக்கு நெஞ்சு வலியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

மருமகள் அந்தப் பையை மடித்துக்கொண்டே, "குப்பை போட வெச்சிக்கட்டா அத்தே?" என்றாள். வேண்டாம் என்று வாங்கி, நைனா படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தேன். அந்தப் பையனும் வலது கையால் இடது தோளில் முந்தானையை நீவிக்கொண்டுதான் நிற்கிறான். அவனிடம் யாரும் எதையும் எடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. மீசையும் இருக்கிறது, புடவையும் இருக்கிறது. மேலே நைனாவுக்கு மீசை மட்டும்தான் இருக்கிறது, அதையும் தாத்தா பார்க்கவில்லை.